வலிக்கவில்லை என்று காலை ஊன்றிவிடாதீர்கள்: பாத அறுவைக்குப் பிறகு வீட்டில் கழியும் வாரங்கள்

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காரணம் இனிப்புநீர். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் காலையில் பெரியம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அவராகவே கீழே இறங்கிப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்துவிட்டார். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடி, மூன்றாம் மாடி வீடு. "கொஞ்சங்கூட வலிக்கல" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் பார்த்தால் கட்டுத்துணி நனைந்திருந்தது. தையல் பிரிந்துவிட்டது. மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் கத்தி. இந்த முறை மூன்றாவது விரலும் போனது.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு வலிக்கவில்லை. ஆபத்தே அதில்தான் இருந்தது.

பாத அறுவைக்குப் பல காரணங்கள் உண்டு. மோட்டார் விபத்தில் நொறுங்கிய கணுக்கால், குதிகாலுக்கு மேல் அறுந்துபோன தசைநார், பெருவிரல் பக்கத்தில் புடைத்த எலும்பு என்று பலரும் போகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசும்போது நீரிழிவை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்தது என்றாலும் நாம் நிம்மதியாக மூச்சுவிடும் நிலை இன்னும் வரவில்லை. விபத்தில் கால் முறிந்து போகிறவருக்கும் பழைய இனிப்புநீர் இருக்கலாம். அப்படியானால் அவருக்கும் இந்தக் கட்டுரையில் வருவது எல்லாம் பொருந்தும்.

வேலூர் சொன்ன பாடம்

வலி இல்லாத கால் ஏன் ஆபத்து என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று தமிழ்நாடு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அந்தக் காலத்தில் மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டது வேறு. நோய் கொல்வது நரம்பை. உணர்ச்சி செத்த பிறகு விரலை அழிப்பவை அடுப்புச் சூடு, காலில் ஏறிய ஆணி, புண்ணோடு ஓயாமல் நடக்கும் நடை. இரவில் எலி விரலைக் கடித்தும் விழிக்காமல் தூங்கிய நோயாளிகள் இருந்தார்கள். அதற்காக அவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார்.

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே நீரிழிவுக்காரர்களின் பாதத்துக்கும் பொருந்தியது. நோய் வேறு, ஆனால் காலில் நடப்பது ஒன்றுதான். பாரத்தை எடுத்தால் புண் ஆறுகிறது, பாரம் வைத்தால் ஆறுவதில்லை. இன்று எலும்பு மருத்துவப் பிரிவில் நமக்குச் சொல்லும் "காலை ஊன்றாதீர்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. இது தூரத்துக் கதையும் அல்ல. 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் நம்மவர்களும் வாழ்ந்தார்கள். உணர்ச்சியற்ற பாதம் என்ன செய்யும் என்பதை அங்கே இருந்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

அதனால் மருத்துவர் ஆறு வாரம் என்றால் ஆறு வாரம்தான். நல்ல நரம்பு உள்ளவருக்கு வலியே காவல்காரன். தவறாக ஊன்றினால் உடனே குரல் கொடுக்கும். இனிப்புநீர்க் காலில் அந்தக் காவல்காரன் வேலையை விட்டுப் போய் வெகு நாளாகியிருக்கும். அவன் இடத்தில் நாள்காட்டியையும், வீட்டில் இருப்பவர்களின் கண்ணையும்தான் வைக்க வேண்டும். வீட்டுக்குப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கால் தரையில் படவே கூடாதா, குதிகாலை மட்டும் ஊன்றலாமா, பாதி பாரம் வைக்கலாமா? மூன்றும் வெவ்வேறு உத்தரவுகள். "கொஞ்சமா நடங்க" என்ற வார்த்தையோடு வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஓர் அர்த்தம் சொல்வார்கள்.

முதல் இரண்டு வாரம்

இந்த நாட்களில் முக்கிய வேலை காலை உயர்த்தி வைப்பது. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டினால் போதாது. படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சுக்கு மேல் இருக்கும்படி தலையணைகளை அடுக்க வேண்டும். காலைத் தொங்கவிட்ட சில நிமிடத்தில் பாதம் கனத்துச் சிவப்பதைப் பார்க்கலாம். வீக்கம் ஏறினால் தையல் இழுபடும். காலுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் எவ்வளவு உயரம் என்று மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே பழகிவிடக் கூடாது. மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்துவதே சிக்கலாகும்.

தையல் பொதுவாக இரண்டு வாரத்தில் பிரிப்பார்கள். உள்ளங்கால் தையலும் நீரிழிவுக்காரர் தையலும் இன்னும் அதிக நாள் எடுக்கலாம். எலும்பு ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம். வீக்கம் முழுவதும் வடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகும். அதனால் மூன்றாம் மாதத்தில் பழைய சப்பாத்து நுழையவில்லை என்று பயப்பட வேண்டாம். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும்.

கட்டு மாற்ற வீட்டுப் பக்கத்து அரசு சுகாதாரக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தை வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டிலேயே பிரித்துப் பார்த்து மஞ்சள் வைப்பது, காப்பித்தூள் தூவுவது, தைலம் தேய்ப்பது எதுவும் வேண்டாம். மாவுக்கட்டுக்குள் அரித்தால் அடிக்கோல், பின்னல் ஊசி என்று எதையும் உள்ளே விடக் கூடாது. உள்ளே கீறியது வெளியே தெரிவதற்குள் சீழ் பிடித்திருக்கும்.

இன்னொன்று, உருவி விடும் பழக்கம். கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது என்றதும் தெரிந்த ஆளை அழைத்து எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறோம். அசையாமல் கிடக்கும் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். உருவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 999. புண்ணில் துர்நாற்றம், பரவும் சிவப்பு, கறுக்கும் விரல், காய்ச்சல், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது.

படிக்கட்டும் கழிப்பறையும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயன் வீட்டிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தன. நான்கு, ஐந்து மாடி, மின்தூக்கி இல்லை. இளமையில் ஏறியவர்களுக்கு இப்போது அறுபது வயது. இந்தப் படிக்கட்டுதான் நம் நோயாளிகளுக்கு முதல் எதிரி. முடிந்தால் முதல் சில வாரங்கள் கீழ்த்தளத்தில் இருக்கும் மகன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ தங்குவது நல்லது. கௌரவம் பார்க்க வேண்டாம். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே ஏறலாம். முதுகைப் படிக்குக் காட்டி அமர்ந்து, கைகளையும் நல்ல காலையும் ஊன்றி ஒவ்வொரு படியாக மேலே நகர வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், விழுவதைவிட அது மேல்.

கக்கத்துக் கட்டையோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு நோயுற்ற காலும் கட்டையும். இறங்கும்போது கட்டையும் நோயுற்ற காலும் முதலில், நல்ல கால் பின்னால். கட்டையின் மேல்முனை அக்குளில் இடிக்கக் கூடாது. இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். பாரம் உள்ளங்கையில்தான், அக்குளில் அல்ல. அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துவிடும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கட்டை என்றால் உயரத்தைச் சரிசெய்யுங்கள், அடியில் உள்ள ரப்பரையும் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். வயதானவர்களுக்கும் மறுகாலில் பலம் இல்லாதவர்களுக்கும் கட்டையைவிட நான்கு கால் நடைச்சட்டம் பத்திரமானது.

குந்தும் கழிப்பறையை ஒற்றைக் காலோடு பயன்படுத்த முடியாது. அதன்மேல் வைக்கும்படி நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்கு முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, காலைச் சுற்றி நீர் புகாத பை. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். தரையில் கிடக்கும் சின்ன விரிப்புகளைச் சுருட்டி ஓரம் வையுங்கள். கைலி கட்டுபவர்கள் இந்த வாரங்களில் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளலாம். கட்டையின் முனை கைலியில் சிக்கி விழுந்தவர் ஒருவரை எனக்கே தெரியும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் படுத்தால் வீடே சுற்றி நிற்கிறது. அம்மா படுத்தால் மூன்றாம் நாளே "சோறு மட்டும் வச்சிட்டு வந்திர்றேன்" என்று எழுந்துவிடுகிறார். யாரும் எழச் சொல்லவில்லைதான், எழ வேண்டாம் என்று அடுப்படியை ஏற்றுக்கொண்டவரும் இல்லை. அறுவைக்கு நாள் குறித்ததுமே யார் சமைப்பது, யார் துணி துவைப்பது, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்று பேசி முடிவெடுத்திருந்தால் தையல் பிரியாமல் தப்பிக்கும். ஊன்றலாம் என்ற அனுமதி வந்த பிறகும் கொஞ்ச நாள் உயரமான நாற்காலியில் அமர்ந்து காய் நறுக்கலாம், நின்றுகொண்டு அல்ல.

மைலோ, கோழி, ஹருவான்

பார்க்க வருபவர்கள் மைலோ டின், ஹார்லிக்ஸ் புட்டி, ஆரஞ்சு என்று அன்போடு கொண்டுவருகிறார்கள். இனிப்புநீர்க்காரர் வீட்டு மேசையில் இவை அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். சர்க்கரை ஏறிய இரத்தத்தில் புண் மெதுவாகத்தான் ஆறும், கிருமி வேகமாக வளரும். தே தாரிக்கை இந்த மூன்று மாதம் மறப்பது நல்லது. வந்தவருக்குத் தண்ணி கலக்கும்போது நோயாளிக்கும் ஒரு குவளை என்று நீட்டாதீர்கள்.

மறுபக்கம், முட்டை தின்றால் சீழ் வைக்கும், கோழி சாப்பிட்டால் அரிக்கும் என்று பத்தியம் போட்டுக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கிறோம். புண்ணை மூடும் சதை புரதத்திலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வாமை இல்லாதவருக்கு முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஃபூ எல்லாம் தேவை. மலாய்க்காரர்களும் சீனர்களும் அறுவைக்குப் பிறகு ஹருவான் சாறு கொடுப்பார்கள். நம் விரால் மீன்தான் அது. மீன் நல்ல புரதம், தாராளமாகக் கொடுக்கலாம், மருந்தை நிறுத்திவிட்டு அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் கேட்க வேண்டும்.

வேலை, எம்.சி., சொக்சோ

பாதுகாவலர், லாரி ஓட்டுநர், தொழிற்சாலை ஊழியர், பால்மரம் வெட்டுபவர் என்று நம்மவர்களின் வேலைகள் பல நின்றும் நடந்தும் செய்பவை. எம்.சி. முடிந்தால் சம்பளம் நின்றுவிடும் என்ற பயத்திலேயே பலர் சீக்கிரம் காலை ஊன்றுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு. இது தவிர, மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி இந்த 60 நாள் தனிக் கணக்கு, சாதாரண விடுப்பில் கழிக்கப்படாது. பலருக்குத் தெரியாத வரி ஒன்றும் அதில் உண்டு. மருத்துவமனையில் இருக்க வேண்டிய அளவுக்கு நோயுற்றவர் என்று மருத்துவர் சான்றளித்தால், எந்தக் காரணத்தாலோ படுக்கையில் சேர்க்கப்படாமல் இருந்தாலும் அவர் மருத்துவமனையில் இருப்பவராகவே கருதப்படுவார். ஆகவே எம்.சி. எழுதும்போதே மருத்துவரிடம் உங்கள் வேலை என்ன, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

காயம் வேலையிடத்திலோ, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்திலோ ஏற்பட்டிருந்தால் சொக்சோவின் தற்காலிக ஊனத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விபத்து நாளையும் சேர்த்து குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருக்க வேண்டும். தொகை அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு. பயண விபத்து என்றால் போலீஸ் புகார் நகலையும் பத்திரப்படுத்துங்கள். நீரிழிவால் காலை இழந்தவருக்கு இந்தத் தொகை கிடைக்காது. ஆனால் 60 வயதுக்குள் நிரந்தரமாக உழைக்க முடியாத நிலை வந்து, சந்தா நிபந்தனைகளும் பொருந்தினால் சொக்சோவின் 'இலாட்' ஓய்வூதியத்துக்கு மனுச் செய்ய வழி உண்டு. மலாக்காவில் சொக்சோவுக்குச் சொந்தமான துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. நிலையான உடற்குறை என்று மருத்துவர் சான்றளித்தால் சமூக நலத்துறையில் 'ஓகேயூ' அட்டைக்குப் பதியலாம். சக்கர நாற்காலிக்கும் செயற்கைக் காலுக்கும் பண உதவி தேவை என்றால் அரசு மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு உண்டு. கோலாலம்பூர் பொது மருத்துவமனையோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவோ, வார்டில் இருக்கும்போதே அவர்களைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தேடி அலைவது கடினம்.

மோட்டார் ஓட்டுவது எப்போது என்று எல்லாருமே கேட்கிறார்கள். கப்சாயில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். சிவப்பு விளக்கில் நின்றால் ஒரு கால் தரையில். ஆக எந்தக் காலில் அறுவை செய்திருந்தாலும் அது ஆகாது. தானியங்கிக் காரில் இடது காலுக்கு வேலை இல்லை என்றாலும் மருத்துவரின் அனுமதி வேண்டும்.

வெளியே போகும்போது

பார்வையற்றோர் சங்கம் இருக்கும் ஊர் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் வழிகாட்டும் மேடு பதித்த கற்களைக் காணலாம். கே.எல். சென்ட்ரலில் மின்தூக்கிகள் உண்டு. ஆனால் கடை வரிசைக்குள் நுழைந்ததும் கதை மாறிவிடும். ஐந்தடிப் பாதையில் கடைக்குக் கடை தரை உயரம் மாறுகிறது, வழியில் மோட்டார் நிற்கிறது, மழை பெய்தால் வழவழத் தரையில் கட்டை வழுக்குகிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இதே நிலைதான். தீபாவளிக் கூட்டத்தில் கட்டையோடு துணி எடுக்கப் போவதை இந்த ஆண்டு பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

கோயிலுக்குப் போவது இதைவிடச் சிக்கல். வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் உடம்போடு ஒட்டிய பழக்கம். நண்பகல் வெயிலில் கொதிக்கும் கல்தரையும் தாரும் உணர்ச்சியற்ற பாதத்தைக் கொப்பளிக்க வைக்கும், தெரிவது வீட்டுக்கு வந்த பிறகுதான். புண் ஆறும் வரை பத்துமலையின் 272 படிகளையும், பால்குடத்தையும், தீமிதியையும் தள்ளி வைக்க வேண்டும். ஆறிய பிறகும் உணர்ச்சி திரும்பாது என்பதால் வெறுங்காலில் வேண்டுதல் வைப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். காலையில் தரை சூடேறும் முன் போகலாம், தடித்த காலுறை அணியலாம், சக்கர நாற்காலியில் சன்னதி வரை போகலாம். நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே சொன்னால் இடையூறு குறையும். முருகன் கோபித்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை.

ஆறுதல் சொல்ல வருபவர்கள் பலர் சுதா சந்திரனை உதாரணம் காட்டுவார்கள். 1981 விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு 1984-இல் மறுபடியும் மேடையேறி ஆடினார். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் விபத்தின்போது அவர் பதின்ம வயதுப் பெண், இன்னொரு கால் நல்ல கால். அறுபது வயதில் இனிப்புநீரோடு இருப்பவருக்கு மிச்சமுள்ள காலும் அதே நோயைச் சுமக்கிறது. இப்போது இரண்டு காலின் பாரத்தையும் அது ஒன்றே தாங்குகிறது. அந்தக் காலில் புதிதாகக் கொப்புளம், தடிப்பு, வெடிப்பு வருகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் பாதம் சூடாகி வீங்கிச் சிவந்தால் எலும்பு உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அது அவசரம். விரலிடுக்கில் வார் நுழையும் ஜப்பான் சிலிப்பரை விட்டுவிட்டு, பின்வாரும் மெத்தென்ற அடியும் உள்ள காலணிக்கு மாற வேண்டும். போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பெரியப்பா இப்போது நடக்கிறார். விரல் இருந்த இடத்தை நிரப்பும் மெத்தை வைத்த சப்பாத்து, கையில் ஒரு தடி. பழைய இஎக்ஸ் 5-ஐ விற்றுவிட்டார், அதன் பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்து அதை உள்ளங்காலுக்கு நேராகப் பிடிப்பார். பேத்தி கைப்பேசி விளக்கை அடித்து, ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்துவிட்டு, "கிளியர், தாத்தா" என்று சொன்ன பிறகுதான் படுப்பார்.